ஏலத்துக்கு வராத கீரை

மூதுரையில் ஒரு பாட்டை நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிடும், அவற்றைப் போன்றவர்கள் உறவல்ல. கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் வற்றிய குளத்திலேயே ஒட்டிக் கிடக்கும், அவற்றைப் போன்றவர்களே உறவு. ஆசிரியர் சொந்தபந்தம் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். கொட்டி என்றால் என்ன செடி என்று கேட்ட மாணவரையும் நான் பார்த்ததில்லை, காட்டிய ஆசிரியரையும் பார்த்ததில்லை.

கொட்டி ஒரு சிறிய நீர்ச்செடி. இலை தண்ணீர்மேல் மிதக்கும், அடியில் சேற்றுக்குள் சின்னக் கிழங்கு இருக்கும். கோடையில் குளம் காயும்போது இலை அழுகிப் போகும். கிழங்கு மட்டும் வெடித்த சேற்றுக்குள் உறங்கும். அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும். பாட்டில் வரும் உறவு என்பது உண்மையில் இந்தக் கிழங்கின் குணம்தான். அந்தக் கிழங்கை வேகவைத்தும் சுட்டும் தின்னலாம். குளம் காய்ந்திருக்கும்போது, அதாவது வயலிலும் வேலை இல்லாதபோது, அதைத் தோண்டி எடுக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்தத் தோண்டுதலைப் பற்றியது. தண்ணீரில் விளையும் உணவு, அதாவது கொட்டி, அல்லி, தாமரைக் கிழங்கு, வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரைக்கீரை, சேம்பு இவையெல்லாம் யாருடைய உணவாக இருந்தன? ஏரிக்குள் இறங்கும் உரிமை யாருக்கு இருந்தது? நம் இயக்கங்களில் நிலத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பஞ்சமி நிலம் என்றதும் எல்லோருக்கும் 1892 நினைவுக்கு வரும். ஏரியின் உள்வாயைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

சங்கப் பாடல்களிலேயே இந்த உணவு இரண்டு விதமாக வருகிறது. புறநானூற்றின் 176ஆம் பாட்டில், விளையாடும் பெண்கள் பன்றி உழுத சேற்றைக் கிளறி ஆமை முட்டையையும் ஆம்பல் கிழங்கையும் எடுக்கிறார்கள். அங்கே அது மகிழ்ச்சி. 248ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஆம்பலின் அரிசியைத் தின்கிறாள், சின்ன வயதில் தழையுடை தந்த அதே ஆம்பல் இப்போது நோன்புச் சோறாகிவிட்டது என்று வருந்துகிறாள். உரைகாரர்கள் இரண்டாவதைத்தான் அதிகம் பேசினார்கள். நெல் உண்ணும் வீட்டுக்கு அல்லி அரிசி தண்டனை. நெல்லே இல்லாத வீட்டில் அது என்னவாக இருந்திருக்கும் என்று உரை எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கைம்மை நோன்பு என்ற தலைப்பில் அந்தச் செடி அடங்கிப்போயிற்று.

இனி நம் பகுதிக்கு வருவோம். கிருஷ்ணகிரி பாராமகால் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கம்பெனிக்குப் போனது. மேட்டுநிலமான ஓசூர்ப் பகுதி 1799இல், திப்பு வீழ்ந்த பிறகு போனது. பெரிய ஆற்றுப் பாசனம் இல்லாத ஊர்கள். ஒன்றின் கலங்கல் நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குப் போகும் ஏரிச் சங்கிலிகளை நம்பித்தான் வாழ்க்கை. ரீடும் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து தீர்வை போடும் முறையைப் பழகினார்கள். அந்த முறைக்கு ஏரி என்றால் மதகு, ஆயக்கட்டு, வரி. எத்தனை ஏக்கர் நஞ்சை பாய்கிறது என்பது கணக்கில் ஏறும். கரையோர ஈரத்தில் யார் என்ன பறித்துக் குழம்பு வைக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது. கணக்கில் ஏறாததால் வரி இல்லை. கணக்கில் ஏறாததாலேயே பிற்காலத்தில் உரிமையும் இல்லை.

ஆனால் ஏரி வேலை செய்தவர்கள் கணக்கில் ஏறினார்கள். தெற்கே நீர்பாய்ச்சி, மடையன், நீர்க்கட்டி என்றும், கோலார் பக்கம் நீர்கண்டி என்றும் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் சாதியினர். மதகைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தண்ணீரைப் பங்கிடுவது, மழைநாளில் இரவெல்லாம் கரையைக் காவல் காப்பது இவர்கள் வேலை. ஏரியின் அடியில் எந்த இடத்தில் எவ்வளவு சேறு என்று காலால் தெரிந்தவர்கள் இவர்களே. தம் கையால் பங்கிட்ட தண்ணீரில் இவர்களுக்கென்று நஞ்சை நிலம் இருந்ததா என்றால், பெரும்பாலும் ஒரு துண்டு மானியம், அறுவடையில் சில கட்டு, அவ்வளவுதான்.

1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று வந்தது. குடிமராமத்து பற்றிப் பேசுபவர்கள் அதை ஊர் கூடித் தேர் இழுத்தது போல வர்ணிப்பார்கள். இந்தச் சட்டத்தையும் கூடவே படிக்க வேண்டும். ஏரிக் கரை உடையும் ஆபத்து வந்தால், ஊரிலுள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை ஊர்த்தலைவர் வேலைக்கு அழைக்கலாம். கூலி தர வேண்டும் என்றும் சட்டம் சொன்னது, மறுத்தால் தண்டனை என்றும் சொன்னது. ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்கள் என்று சொல்லவில்லை, உழைக்கும் வகுப்பு என்று சொன்னது. ஒரு கிராமத்தில் அது எந்தத் தெரு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிமராமத்து என்ற சொல்லில் இருக்கும் குடி யார் என்று கேட்காமல் அந்தச் சொல்லை விழா மேடைகளில் பயன்படுத்துவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

சேறு அள்ளுவது கட்டாயம். சேற்றில் விளைந்ததோ ஊரின் சலுகை. இந்த இரண்டுக்கும் இடையில்தான் கீரையும் கிழங்கும் இருந்தன. யாரும் விலை வைக்காத பொருள் என்பதால் பறிக்க விட்டார்கள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் பெண்கள் மடியில் பொன்னாங்கண்ணி கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கத்தின் மும்மொழி வழக்கில் அதற்கு மூன்று பெயர். தமிழில் பொன்னாங்கண்ணி, கன்னடத்தில் ஹொனகொன்னே சொப்பு, தெலுங்கில் பொன்னகண்டி கூரா. வல்லாரைக்குக் கன்னடத்தில் ஒந்தெலகா. சேம்பின் கிழங்குக்குத் தெலுங்கில் சாமதும்பா, செடிக்குக் கன்னடத்தில் கெசவு. வயலிலும் வரப்பிலும் ஏரியோரத்திலும் கிடைத்த பத்துப் பதினைந்து வகை இலையைச் சேர்த்துக் கடைவதற்குப் பெரகெ சொப்பு என்று பெயர். களி உருண்டைக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. ஒரே மொழிக்காரர் கொடுத்த பெயர்கள் அல்ல இவை. ஆனால் இந்த மூன்று மொழியிலும் இவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுபவர்கள், நான் வேலை செய்த ஊர்களில், பெரும்பாலும் காலனிப் பெண்களே.

1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தவை. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் நிலமற்ற கூலிகள். அந்த நாளில் காட்டுக் கிழங்கும் குளத்துக் கிழங்கும் எத்தனை பேரை எத்தனை நாள் தாங்கின என்று எந்த ஆவணமும் எண்ணவில்லை. தண்ணீர் போன பிறகும் உணவை மண்ணுக்குள் வைத்திருக்கும் செடி என்றால் அதன் மதிப்பு என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பஞ்ச உணவு என்று தாவரவியல் நூல்கள் வகைப்படுத்தும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். பஞ்சம் யாருக்கு ஆண்டு முழுவதும் இருந்ததோ அவர்களுக்கு அது வெறும் உணவு.

பிறகு உரிமைப் போராட்டம் தண்ணீருக்கு வந்தது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் திறந்தவை என்றது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் அதற்கு முந்தியது. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைப் பசுவின் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். வழக்கு நடந்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டு.

மகாத்தில் கேட்கப்பட்டது மனிதர் என்ற அங்கீகாரம். அதைச் சின்னதாக்க நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள், 1924 தீர்மானமும் அதன் பின் வந்த சட்டங்களும் குளத்தை அணுகும் உரிமையை எழுதின. குளத்தில் விளைவதன்மேல் பங்கு என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏலம் புகுந்தது. நம் ஊர்களில் மீன்பாசி ஏலம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர் இல்லை. யார் கேட்கலாம், யார் கேட்டால் கரையில் நிற்க முடியாது, முன்வைப்புத் தொகை யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் ஏல அறிவிப்பில் எழுதாத நிபந்தனைகள். மீனோடு நின்றதா? குமரி மாவட்டத்தில் தாமரைக் குளங்கள் குத்தகைக்குப் போகின்றன, பூ தோவாளைச் சந்தைக்கு வருகிறது. எந்தச் செடிக்கு விலை வந்ததோ அந்தச் செடி குத்தகைக்குள் போனது. விலை வராத செடி ஏழைக்கு மிஞ்சியது.

இதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் பீகாரின் மிதிலைப் பகுதிக்குப் போக வேண்டும். இப்போது நம் ஊர் மளிகைக் கடையிலும் பாக்கெட்டில் வரும் மக்கானாவைத் தாமரை விதை என்கிறார்கள். அது தாமரை அல்ல, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி. இலை முழுக்க முள். விதை முற்றியதும் குளத்தின் அடியில் போய்ச் சேறோடு கலந்துவிடும். அதை எடுக்க ஆள் மூச்சடக்கி முங்க வேண்டும், சேற்றைக் கூட்டிச் சல்லடையில் அரிக்க வேண்டும். பிறகு இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் மரச் சுத்தியால் அடித்தால் வெள்ளையாகப் பொரியும். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்பவர்கள் மல்லா சாதியினர். பீகாரில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள், பட்டியல் சாதி ஆக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. முங்குவது அவர்கள். குளமோ பெரும்பாலும் வேறொருவருடையது அல்லது வேறொருவரின் குத்தகையில் இருப்பது. 2022இல் மிதிலா மக்கானா புவிசார் குறியீடு பெற்றது. 2025 ஒன்றிய பட்ஜெட்டில் மக்கானா வாரியம் அறிவித்தார்கள். விரல் தோல் உரிந்து, காதில் சேறு போய் முங்கியவரின் பெயர் குத்தகைப் பத்திரத்தில் ஏறியதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அங்கேயே அதற்கு ஒரு பதிலும் முளைத்தது. விஜி சீனிவாசன் தொடங்கிய அதிதி என்ற அமைப்பு 1980களின் பிற்பகுதியிலிருந்து மதுபனி மாவட்டத்தில் மல்லா பெண்களைத் தனிக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டியது. ஆண்களின் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ப்பது என்ற வழியை விட்டுவிட்டு, பெண்கள் தங்கள் சங்கத்தின் பெயரிலேயே குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மீனும் மக்கானாவும் வளர்த்தார்கள். பயிற்சி வகுப்போ விதையோ இங்கே திருப்புமுனை இல்லை. பத்திரத்தில் இருந்த பெயர்தான் திருப்புமுனை.

ஓசூருக்குத் திரும்புவோம். 1970களில் இங்கே சிப்காட் வந்தது. பெங்களூரு வளர்ந்தது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் நுரை மலையாக எழும் படங்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தே எரிந்தது. வள்ளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் இந்தத் தண்ணீரிலும் செழிப்பாகத்தான் வளரும், அதுதான் ஆபத்து. சேற்றிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் வள்ளை கெட்டிக்காரச் செடி. கழிவுநீரைச் சுத்தம் செய்ய அதை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதிப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். கழுவினாலும் வேகவைத்தாலும் உலோகம் போகாது. ஆக, ஏலத்துக்கு வராமல் மிஞ்சிய அந்தக் கடைசிக் கைப்பிடிக் கீரையும் இப்போது விஷமாகிறது. இதற்கு நஷ்டஈடு கேட்க முடியுமா?

சட்டத்தைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குள், காட்டையும் நீர்நிலையையும் முதன்மை வாழ்வாதாரமாக நம்பியிருப்பவர்களையும் சேர்க்கிறது. மீனவர், படகோட்டி, காட்டுப் பொருள் சேகரிப்பவர் என்று பெயர் சொல்லியும் குறிப்பிடுகிறது. நல்ல வரி. ஆனால் முதன்மை என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு காலனிப் பெண் கம்பெனியில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறாள் அல்லது ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறாள். அதுதான் அவள் முதன்மை வாழ்வாதாரம் என்று எழுதுவார்கள். ஏரியோரக் கீரை அவள் வீட்டுச் சாப்பாட்டின் பாதி என்பது எந்தப் படிவத்திலும் வராது. அதற்கும் மேல், தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. பட்டா உள்ளவரோடு பேச்சுவார்த்தை நடக்கும், விலையும் ஏறும் இறங்கும். பட்டா இல்லாதவர் அந்த அறைக்குள்ளேயே இல்லை.

ஏரியைக் காப்பாற்றும் சட்டங்களும் இருக்கின்றன. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஒன்று. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களை, குளங்களை மீட்கச் சொன்னது இன்னொன்று. இரண்டும் தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் நடைமுறையில் முதலில் இடிபடுவது எது? உள்வாயோரம் இருபது ஆண்டு குடியிருந்த குடிசைகளா, வரத்துக் கால்வாயை மூடிக் கட்டிய மனைப்பிரிவா? ஜக்பால் சிங் தீர்ப்பிலேயே ஒரு விலக்கு இருப்பதை இளம் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அரசு அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளருக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகை தரப்பட்டிருந்தால் அதை முறைப்படுத்தலாம் என்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டினால் இந்த வரியை எடுத்துக் காட்டுங்கள்.

மீட்கப்பட்ட ஏரிக்கு அடுத்து என்ன ஆகிறது என்பதற்குப் பெங்களூரு உதாரணம். சுற்றி வேலி, நடைபாதை, திறக்கும் நேரம் எழுதிய பலகை. ஹரிணி நாகேந்திரா, சீமா முண்டோலி போன்றவர்கள் அந்த நகரத்து ஏரிகளை ஆய்வு செய்து, மாடு மேய்த்தவர்களும் கீரை பறித்தவர்களும் துணி வெளுத்தவர்களும் எப்படி வெளியே தள்ளப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரி இப்போது ஓசூருக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் ஏரிக்கு வேலி. மறுபக்கம் வில்லா வீட்டின் பின்புறம் சின்னத் தொட்டி கட்டி வல்லாரையும் அல்லியும் வளர்ப்பது புது ஆரோக்கியப் பழக்கம். தொட்டி கட்டுவதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. காலனி வாசலிலும் அதைக் கட்டலாம் என்பதே என் கட்சி.

உண்மையில் அது சுலபம். உடைந்த சிமென்ட் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் டிரம்மின் பாதியோ போதும். அடியில் ஒரு சாண் களிமண், அதன்மேல் நாலு விரல் தண்ணீர். பொன்னாங்கண்ணியும் வள்ளையும் தண்டு ஒடித்து நட்டாலே வேர்விடும். வல்லாரை ஓடுகொடி விட்டுத் தானே பரவும், அதற்கு மண் ஈரமாக இருந்தால் போதும், மூழ்கக் கூடாது. சேம்புக்குக் குளிக்கும் இடத்துத் தண்ணீர் போகும் ஓரம் பிடிக்கும், இலையையும் கிழங்கையும் நன்றாக வேகவைத்துப் புளி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். கொசு வராமல் இருக்க இரண்டு கப்பி மீன். மண்ணை மட்டும் நுரை வரும் ஆற்றோரத்திலிருந்தோ கம்பெனிக் கழிவு இறங்கும் ஏரியிலிருந்தோ எடுக்காதீர்கள். செடியின் நாற்றையும் அங்கிருந்து கொண்டுவர வேண்டாம்.

ஆனால் தொட்டி ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் கீரை தரும், அதற்குமேல் இல்லை. ஏரி தந்தது ஒரு தெருவுக்கே. அதனால் தொட்டியோடு நிற்கக் கூடாது. 2024இல் ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று அரசு எளிதாக்கியது. வயல் உள்ளவருக்கு வண்டல் கிடைத்தது. வயல் இல்லாதவருக்கு அதே ஏரியில் என்ன என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கும் இடத்தில் நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலக நீர் நாள். உங்கள் ஊர் ஊராட்சிக்கு உட்பட்ட சிறு குளம், குட்டை எத்தனை, அவற்றில் எவை குத்தகையில், யார் பெயரில், எவ்வளவுக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். குத்தகைக்குப் போகாத ஒரு குட்டையையாவது காலனிப் பெண்களின் சுயஉதவிக் குழுப் பெயரில் பயிர் செய்யத் தர வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தோடு கொடுங்கள். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்தத் தீர்மானத்தில் மீன், தாமரை என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல் கொட்டி, அல்லி, வள்ளை, பொன்னாங்கண்ணி, ஆரை, சேம்பு என்று ஒவ்வொரு பெயரையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் உங்கள் தெருவிலேயே கேளுங்கள், தமிழில் வராவிட்டால் கன்னடத்திலோ தெலுங்கிலோ சொல்வார்கள்.